பாயில் இல்லாத கால்

பாரவண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய என் வீட்டுக்காரரின் இடது காலை, சேலம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கால் கட்டைவிரல் வலிக்கிறது என்று முனகுவார்.

"கால் போனது நரம்புக்குத் தெரியாதும்மா. அது மூளைக்குச் சேதி சொல்லிக்கிட்டேதான் இருக்கும்" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருக்கிற காலுக்கு எண்ணெய் தேய்க்கவே எனக்கு நேரமில்லை.

ஒரு மத்தியானம் அவர் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். பருத்திக் கூடையோடு அவசரமாக வந்த நான், அவர் முழங்காலுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தைக் கடந்து போனேன்.

"ஏ புள்ள, காலைத் தாண்டிட்டுப் போறியே" என்றார்.

"எந்தக் காலைங்க?"

அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "திருப்பித் தாண்டு" என்றார்.

படுத்திருப்பவர் காலைத் தாண்டிவிட்டால், வந்த வழியே மறுபடி தாண்டித் தோஷம் கழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்க்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன். அங்கே கோரைப்பாயைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் தாண்டும்போது என் பாதம், நான் தூக்காமலே, ஒரு கால் கிடக்கும் உயரத்துக்கு எழும்பிற்று.