டிரைவரிலிருந்து ஒரு சொல்லை எடுத்தோம்

சிறுசேரியில் என் வேலை, அடுத்தவர் எழுதிய நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். என்னைப் போன்ற சிடுமூஞ்சிக்கு வேறென்ன வேண்டும்!

அன்று வந்தது தொடுதிரை டிரைவர். விரல் எங்கே பட்டது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் நிரல் அது. அதில் ஆணையிடும் சில்லுக்கு 'மாஸ்டர்', கேட்டு நடக்கும் சில்லுக்கு 'ஸ்லேவ்', அதாவது அடிமை, என்று ஆதிகாலத்திலிருந்தே பெயர். குழுவுக்குப் புதிதாக வந்த பெண் தன் முதல் மாற்றமாக இரண்டையும் தூக்கிவிட்டு 'கன்ட்ரோலர்', 'டார்கெட்' என்று எழுதியிருந்தாள். மாலைக்குள் நான் ஒப்புக்கொண்டால்தான் இந்த முறை வெளியீட்டில் சேரும்.

எனக்கு எரிச்சல். "வேற வேலையே இல்லியா? பேரை மாத்துனா திரை வேகமா ஓடுமா?"

"ஓடாதுக்கா. ஆனா எங்க நைனா செங்கல் சூளைல கொத்தடிமையா இருந்தவரு. அதிகாரிங்க வந்துதான் மீட்டாங்கோ. அந்த வார்த்தைய நானே தெனம் டைப் அடிச்சுகினு கீறேன். பேஜாரா கீதுக்கா."

என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

சோதனைப் பலகையில் ஏற்றிப் பார்த்தோம். திரை செத்துக் கிடந்தது. ஆர்வக்கோளாறில் கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றியிருந்தாள். திரையை எழுப்பும் பழைய செயலி ஒன்று 'ஸ்லேவ்' என்ற பழைய பெயரைச் சொல்லித்தான் டிரைவரைக் கூப்பிடும். இப்போதும் கூப்பிட்டது. அந்தப் பெயரில் ஏன் என்று கேட்க ஆளில்லை.

எங்கள் குழுவில் சோதனைப் பலகையை இயங்காமல் படுக்கவைத்தவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். பொட்டலத்தோடு வந்தவளின் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

"எல்லாத்தையும் பழையபடி மாத்திடட்டுமாக்கா?"

"ஒண்ணும் மாத்த வேணாம். வெளியில கீறவங்க கூப்புடுற அந்த ஒரு பேரை மட்டும் விட்டுடு. மீதி நம்ம வூடு, நம்ம இஷ்டம்."

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினோம். திரை பளிச்சென்று விழித்தது. நான் ஒப்புதல் கொடுத்ததும் குழுவே கை தட்டியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கடைசி பஜ்ஜியை அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். நான் அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

வேலை முடிந்து இருவரும் திருவிடந்தைப் பக்கம் போகும் வண்டியில் ஏறியதும் தன் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நைனா! என் வேலைய ஒத்துகினாங்கோ!"

"இன்னா வேலம்மா?"

"கம்ப்யூட்டர்ல அடிமைன்னு ஒரு வார்த்த இருந்துச்சு. அத்த எடுத்துட்டேன்."



"மொத்தமா எடுத்துட்டியா?"

"ஒரே ஒரு எடத்துல கீது, நைனா. அத்த எடுத்தா திரை எரியாது."

அவர் சிரித்தார்.

"நாளைக்கும் வேலைக்குப் போவேல்ல? அத்தயும் எடு."