ஆறில் ஒருவருக்குக் கஞ்சி

அந்தக் கோடு அவ்வளவு அழகாக வந்திருக்கக் கூடாது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

யுத்தம் தொடங்கி அரிசி கூப்பனுக்கு வந்த காலம். நான் விஞ்ஞானம் படித்து முடித்துவிட்டு, உத்தியோகம் கிடைக்கும்வரை வலிகாமத்தில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராக நின்றேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி கொடுக்கலாம் என்று அரிசி வந்தது. ஆனால் அது ஆறு பேரில் ஒருவருக்குத்தான் காணும்.

"முன் வாங்கிலை இருந்து தொடங்குவம்," என்றார் தலைமை ஆசிரியர், முன்வரிசைப் பலகைகளைக் காட்டி.

"அது ஞாயமில்லை ஐயா. சாப்பாடு காணாத பிள்ளை வளராது. உயரத்தை அளந்தால் ஆருக்குக் குடுக்கிறதெண்டு தெரிஞ்சிடும்."

"அளந்து பாரும். உமக்கும் பொழுது போகவேணுமெல்லோ."

சுவரோடு நிறுத்தி ஒவ்வொருவராக அளந்தேன். சராசரி நாலடி இரண்டங்குலம். எல்லோரும் அந்த உயரத்தில் நிற்கமாட்டார்களே. பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதற்கும் ஒரு அளவு உண்டு, அதை நியம விலகல் என்று சொல்லலாம். இங்கே அது இரண்டரை அங்குலம். உயரங்களைக் கட்டத் தாளில் குறித்துக்கொண்டு போனால், நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிந்து, கவிழ்த்து வைத்த மணிபோல ஒரு வளைகோடு எழுந்தது. புத்தகத்தில் பார்த்த அதே வடிவம். இப்படி வந்தால் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சராசரிக்கு மேலும் கீழும் ஒரு விலகலுக்குள் அடங்குவார்கள். மிச்சம் இரண்டு அந்தங்களுக்கும் பாதி பாதி. அதாவது குட்டையானவர்கள் நிற்கும் இடது அந்தத்தில் ஆறில் ஒருவர்!

கஞ்சியும் ஆறில் ஒருவருக்குத்தானே. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. தலைமை ஆசிரியரும் தாளை வாங்கித் தாம் உட்காரும் கதிரைக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார். "இனி ஒருத்தரும் வாய் திறக்கேலாது தம்பி. கணக்கல்லோ."

எங்கள் வகுப்பில் வாங்குப் பலகையில் இருந்த பிள்ளைகளும் உண்டு, சாதியின் பேரால் பின்சுவரோரம் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. நிலத்தில் இருந்தவர்கள் ஒரு டசின் பேர் வரும். இடது அந்தத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சராசரியை ஒட்டியே நின்றார்கள். எப்படியோ சமாளிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

கஞ்சி தொடங்க இருந்ததற்கு முதல்நாள் காலை, தேவாரம் பாடும்போது பின்னாலிருந்து ஒரு தடித்த குரல் கேட்டது. பெரியவர் யாரோ வந்துவிட்டார் என்று திரும்பினேன். ஒருவரும் இல்லை. நிலத்தில் இருந்த பையன் ஒருவன்தான் பாடிக்கொண்டிருந்தான். நாலடி மூன்றங்குலம், நானே அளந்தவன். கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலுதட்டில் மயிர் அரும்பியிருந்தது.

"உனக்கு எத்தினை வயசு?"

"பதினாலு சேர்."

"பிறகேன் ஐஞ்சாம் வகுப்பிலை இருக்கிறாய்?"

"பிந்தித்தானே சேர் எங்களைச் சேர்த்தவை."

பக்கத்தில் இருந்தவனுக்குப் பதின்மூன்று. அதற்கடுத்தவளுக்கும் பதின்மூன்று. வாங்கில் இருந்தவர்களுக்குப் பத்து.

அதே வயதுப் பிள்ளைகள் இருக்கும் எட்டாம் வகுப்புக்கு ஓடினேன். அங்கே இருந்தவர்கள் முழுப்பேரும் வாங்குப் பிள்ளைகள். வயது பதின்மூன்று, பதினாலு. படிப்பித்துக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சி அவர்களை அளந்தேன். சராசரி நாலடி ஒன்பதங்குலம், விலகல் மூன்றங்குலம். அந்தக் கோட்டில் என்னுடைய பையன் இரண்டு விலகல் கீழே கிடந்தான். அவ்வளவு கீழே வருவதற்கு நூறில் இரண்டு பேருக்குத்தான் வாய்ப்பு. ஒருவன் அப்படி இருந்தால் தற்செயல் என்று விடலாம். நிலத்தில் இருந்த அத்தனை பேரும் அங்கேதான் கிடந்தார்கள். அது தற்செயலாக நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பெருக்கத் தொடங்கினேன். புள்ளிக்குப் பின்னால் பூச்சியங்கள் வந்துகொண்டே இருந்தன. பென்சிலை வைத்துவிட்டேன்.

மூன்று நான்கு வருஷ வளர்ச்சி இல்லாமற் போன பிள்ளைகள் பத்து வயதுப் பிள்ளைகளோடு தோளுக்குத் தோள் நின்றிருக்கிறார்கள். அதனால்தான் என்னுடைய கோட்டில் ஒரு நெளிவும் விழவில்லை.

தாளோடு தலைமை ஆசிரியரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதுகளின்ரை வயசு எனக்குத் தெரியும் தம்பி."

"தெரியுமோ?"

"நான்தானே சேர்த்தனான். உம்மடை கோட்டிலை அது தெரியேல்லை எண்டதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். கஞ்சியை நிலத்திலை இருக்கிறதுகளுக்கெண்டு குடுத்துப்பாரும், நாளைக்கு வாங்கு காலி. தாய் தேப்பன் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவினம்."

அந்தத் தாளை ஏன் அவ்வளவு ஆசையாக ஒட்டினார் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் சரியென்று நினைத்துக் கொடுத்ததை அவர் வேலியாகப் போட்டிருக்கிறார். கதிரைக்குப் பின்னால் போய்த் தாளைக் கிழித்தெடுத்தேன்.

"நல்லாத்தான் கிழிக்கிறீர். இப்ப ஆரின்ரை பேரை வெட்டப்போறீர்? இடது பக்கத்திலை நிக்கிற வாங்குப் பிள்ளையளும் பசியிலைதான் நிக்குதுகள்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"நிலத்திலை இருக்கிறதுகளுக்கும் குடுப்பம். வயசெண்டு வாய் திறவாதேயும். கணக்கைத் திருத்தினதெண்டு சொல்லும். கணக்கோடை ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்."

மறுநாள் மத்தியானம் கஞ்சி காய்ச்சும் குசினி வாசலில் இரண்டு கூட்டமும் நின்றன. தகரப் பேணியோடு வாங்குப் பிள்ளைகள், சற்றுத் தள்ளித் தேங்காய்ச் சிரட்டையோடு நிலத்துப் பிள்ளைகள். பானையைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியர் கஞ்சி காய்ச்சிய மனிசியிடம், "பிள்ளை, இன்னும் அரைவாசித் தண்ணி விடு," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மடை சராசரி இதுதானே?" என்றார்.

அந்தப் பதினாலு வயதுப் பையன் ஒரே மடக்கில் குடித்தான். சிரட்டையை நீட்டி, அந்தப் பெரிய குரலில், "இன்னும் கொஞ்சம் இருக்கோ சேர்?" என்று கேட்டான்.

பானையின் அடி தெரிந்தது.