இதயத்துக்கு ஒரு மொட்டை

தாறுமாறாகத் துடிக்கும் என் இதயத்தை மின்அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கலாம் என்று மைசூரு மருத்துவர் சொன்ன அன்றே என் மனைவி வேண்டிக்கொண்டுவிட்டாள். துடிப்பு சரியானால் நஞ்சன்கூடு சிவன் கோயிலில் மொட்டை. மொட்டை எனக்கு.

சிகிச்சை சுருக்கமாக முடிந்தது. மயக்கம் தெளிந்து பார்த்தபோது திரையில் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வெற்றி என்று அறிக்கையில் எழுதினார்கள். பத்திரிகையில் தலைப்பு எழுதியே வயதானவன் நான். வெற்றி என்று கண்டால் எதுவரை என்று கேட்பது பழக்கம். சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும், சிலருக்குச் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், உங்களுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மருத்துவர். துடிப்பு சீராக இருந்தாலும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பக்கவாதம் வரலாம்.

இதை வைத்து மொட்டையைத் தள்ளிப்போடப் பார்த்தேன். ஒரு வருஷம் நிற்கட்டுமே என்றேன். மனைவி கொள்ளேகால் பட்டு வியாபாரி வீட்டுப் பெண். சரக்கு கைக்கு வந்த பிறகு தவணை கேட்பவர்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமையே நஞ்சன்கூடு பஸ் ஏறினோம். அங்கே கத்தி லேசாகக் கீறிய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. மாத்திரை ஒழுங்காக வேலை செய்தது. அத்தனை பெரிய சிகிச்சையில் சிந்தாத ரத்தத்தை நேர்த்திக்கடனில் சிந்தினேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது முடி இன்னும் சீப்புக்கு எட்டவில்லை. மருத்துவர் முதலில் என் தலையைப் பார்த்தார், பிறகு ஈசிஜியைப் பார்த்தார். துடிப்பு பழைய கதைக்குத் திரும்பியிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டார். எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. இன்னொரு முறை அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கலாம், இந்த முறை துடிப்பைப் பிடித்துவைக்க ஒரு மாத்திரையும் சேர்க்கலாம் என்றார்.

ஆட்டோவில், உன் சாமி ஏமாற்றிவிட்டாரே என்றேன். அவள் அசரவில்லை.

"நான் சரியாகோணும்னுதானுங்க வேண்டிக்கிட்டேன். ஆச்சு. அப்படியே இருக்கோணும்னு எங்க வேண்டிக்கிட்டேன்?"

அறிக்கையில் வெற்றி என்று எழுதியவர்களின் கணக்கும் இதுதான்.

இந்த முறை என்ன வேண்டுதல் என்று கேட்டேன். நிலைக்க வேண்டுமாம். எத்தனை நாள் என்றேன்.

காற்றில் நழுவிய முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"டாக்டருக்கே தெரியலை. நான் எந்தத் தைரியத்துலங்க அளவு சொல்றது?"