கைலிக்கு விழுந்த தண்டத் தீர்வை

கண்டி ரயில் நிலையத்தில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ரயிலில் உடன் வந்தவர்கள் ஏரி பார்க்கப் போனார்கள். நான் வந்தது ஒரு துரையைத் தேடி.

குடியாத்தம் கைலி வியாபாரிகள் சங்கத்துக்கு நான் காரியதரிசி. எங்கள் மூட்டைகள் கொழும்புத் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தன. ஊரில் தறிகள் நின்றுவிட்டன. சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டும் சரக்குக்குத் தண்டத் தீர்வை என்று இலங்கைச் சர்க்காரின் புதுச் சட்டம். அந்நிய மில் துணியைத் தடுக்கத்தான் என்றார்கள். அகப்பட்டது எங்கள் கைத்தறி. சென்னைக் கடையில் ஒற்றைக் கைலி விற்கும் விலையையும், நாங்கள் இங்கே மூட்டையாகக் கொடுக்கும் விலையையும் ஒப்பிட்டுவிட்டு, இங்கே மலிவு என்று தீர்மானித்திருந்தார்கள். மொத்த விலை குறையாமல் வேறென்ன செய்யும்? கொழும்பில் மேசை மேசையாக இதைச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசி மேசையில் இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, "ஓம், நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் தீர்வைத் துரை வெக்கைக்குப் பயந்து கண்டிக்குப் போட்டார். அவர் சொன்னால்தான் மூட்டை வெளியில வரும்" என்றார்.

கண்டியில் எங்கள் கைலியை வாங்கி, சாரம் என்று இந்த ஊர்ப் பெயரில் வத்தேகமச் சந்தைக்கும் தோட்டங்களுக்கும் அனுப்புகிறவர் யூசுப் நானா. அவரோடு ஏரிக்கரை ஹோட்டலுக்குப் போனால், துரை காலையிலேயே ஹுன்னஸ்கிரியவில் சிநேகிதரின் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க, காருல போவோம். அந்தத் தோட்டத்துத் தொர நம்மளுக்குத் தெரிஞ்ச ஆள்தான்" என்றார் நானா.

இருபது மைலுக்குமேல் மலைப்பாதை. வாடகை ஏழு ரூபாய். ஏற்றங்களில் கார் கொதித்து நின்று தண்ணீர் கேட்டது. வளைவுக்கு வளைவு பனிமூட்டம். நான் எதையும் ரசிக்கவில்லை.

"உங்கள் தேயிலைக்கும் எங்கள் ஊரில் இப்படிச் சட்டம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேட்கப்போகிறேன்" என்றேன்.

"கேட்டா மெரட்டுற மாதிரி ஈக்கும். தொர மொகத்தத் திருப்பிக்குவார். நம்மட மூட்ட அங்கேயே மக்கிப் போகும். நீங்க கணக்க மட்டும் சொல்லுங்க."

பங்களா வராந்தாவில் இரண்டு துரைமாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. நின்றபடியே விளக்கினேன். தீர்வைத் துரை காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "மனுக் கொடுங்கள், பரிசீலிக்கலாம்" என்றார். ஏற்கெனவே கொடுத்த மனுக்கள் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். நானா என் முழங்கையைத் தொட்டுவிட்டுத் தோட்டத்துத் துரையிடம் தமிழில் பேசினார்.

"தொர, மூட்ட எல்லாம் கொழும்புல கெடக்குது. இந்தச் சம்பளத்துக்கு வாங்குற மாதிரி ஒங்கட ஆக்களுக்குச் சாரம் அனுப்ப ஏலாது. கடையில ஈக்கிறது வெல கூட. ஆக்கள் கேட்டா என்னத்தச் சொல்ல?"

தோட்டத்துத் துரை கோப்பையை வைத்தார். "துணி வெல ஏறினா சம்பளம் ஏத்து சொல்லுவான்" என்று கூலித் தமிழில் முணுமுணுத்துவிட்டு, சிநேகிதர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பிடித்துக்கொண்டார். நாளைக்கு இந்தியாக்காரன் என் தேயிலைக்கு இதையே செய்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அதே கேள்வி. நான் கேட்டிருந்தால் அது அதிகப்பிரசங்கித்தனம். அவர் கேட்டதும் அது நியாயமான யோசனை ஆயிற்று.

கடைசியில், பிணை வாங்கிக்கொண்டு மூட்டைகளை விட உத்தரவாயிற்று. சட்டம் சட்டமாகவே இருக்கும். அதோடு, காட்டிய தயவுக்கு எங்கள் சங்கம் நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம்.

"செய்யாத குற்றத்துக்குப் பிணை, அதற்கு நன்றி வேறா?" என்று இறங்கும் வழியில் பொரிந்தேன்.

"எழுதுங்களே. ஊருல தறி ஓடட்டும்" என்றார் நானா.

மறுநாள் ரயிலில் ஊருக்குத் திரும்புகையில், குருநாகலில் ஏறிய சிங்களக் கொப்பரை வியாபாரி ஒருவர் எதிரில் உட்கார்ந்தார். மலையாளக் கரைத் தென்னந்தோட்டக்காரர்கள், இலங்கைக் கொப்பரை மலிவாக வந்து குவிகிறது, தண்டம் போடு என்று கேட்கிறார்களாம். முறையிட மதராஸ் போகிறார்.

"மதராஸ்ல யாரப் பாக்கணும் மாத்தையா?" என்று கேட்டார்.

உத்தியோகஸ்தரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இந்தக் கோடையில் அவர் ஊட்டியில்தான் இருப்பார் என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று.