ஓசூருக்குப் போன பார்சல்

வீட்டில் நட்ஸ் பார் செய்து விற்பதில் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் விரலைக் காட்டுவேன்: கொப்புளம் கிடைக்கும். சூட்டோடு சூடாகக் கலவையைத் தட்டில் அழுத்தியவர்களே, இறுகுவதற்குள் வெட்ட வேண்டுமே என்று கத்தியைத் தேடி ஓடியவர்களே, எள் பொரிகிற நேரம் பார்த்து வாசல் மணி அடிக்கக் கேட்டவர்களே, இது நமக்குள் பேசிக்கொள்வது. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டுச் சுவர்களில் காலண்டராகத் தொங்குகிற ராகுகாலத்தில் ஒரு பங்கு என் கண்ணைத் தாண்டிப் போனதுதான். என் மனைவி தனலட்சுமி மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. இப்போது பேரன் நடக்கிறான். மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள். ஆகவே தனம் அங்கே, நான் இங்கே.

நீங்களும் அங்கே போய் இருக்கலாமே என்பீர்கள். போனேன். ஒற்றைப் படுக்கையறை வீடு. எனக்குக் கூடத்து சோபா. தனத்தோடு தனியாக நாலு வார்த்தை பேச லிஃப்டில் மட்டும்தான் முடிந்தது. வீடு இருந்ததோ இரண்டாம் மாடி. பேச்சு முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் கதவு திறந்துவிடும். திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மகளுக்குக் கடை பார் வேண்டாம், சர்க்கரை சேர்க்காமல் வீட்டில் செய்ததே நல்லது என்று தனம் முடிவு செய்தாள். அவளுக்கு அங்கே நிற்க நேரமில்லை. "நீங்க சும்மாதான இருக்கீக" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. மிச்சத்தைத் தெருவில் கொடுத்தேன். தெரு காசு கொடுத்துக் கேட்டது. தொழிலாகிவிட்டது.

மூக்கு இருந்த இடம்

செய்முறை எளிது. வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை, எள் நாலையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் பாதாம் கண் விழிப்பதற்குள் எள் கரியாகிவிடும். கொட்டை நீக்கிய பேரீச்சையை மசித்து, கொஞ்சம் கருப்பட்டிப் பாகில் கிளறி, சுக்குப்பொடி தூவி, வறுத்ததை எல்லாம் கொட்டிப் புரட்டி, நெய் தடவிய தட்டில் அழுத்தி, இளஞ்சூட்டில் வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதைத் தனம் போனில் சொல்லித் தந்தாள். கடலையை எத்தனை நிமிடம் வறுப்பது என்று கேட்டேன். வாசம் வருகிற வரைக்கும் என்றாள். வாசம் என்றால் எந்த வாசம், பச்சை போகிற வாசமா, தோல் வெடிக்கிற வாசமா, இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே அதுவா என்று விளக்கம் கேட்டேன். மறுமுனையில் பேரன் தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்துக்கு மேலே தனம் சொன்னாள்:

"இத்தன வருசமும் நான் அடுப்படியில வறுக்கும்போது நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர்தான வாசிச்சீக. மூக்க எங்க கொண்டுபோயி வச்சிருந்தீக?"

ஒரு தாவரவியல் உண்மை

என் முதல் வெளியூர் வாடிக்கையாளர் சண்முகத்தாய். பக்கத்து ஊரான எம். புதுப்பட்டிக்காரர். பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது என் வீட்டுக்கும் ஒரு நடை வந்துபோவார். அவர் பாரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நட்ஸ் பாருன்னு சொல்லுதீக. பாதியும் கடலையாத்தான இருக்கு" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பிழை திருத்தியவனுக்கு அது முடியாது. வேர்க்கடலை உண்மையில் கொட்டை வகையே இல்லை, அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, மண்ணுக்குள் காய்க்கிறது என்பதால் நாம் ஏமாந்துபோகிறோம் என்று விரிவாக எடுத்துச் சொன்னேன். சண்முகத்தாய் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அறிவு பரவுகிறது என்று மகிழ்ந்தேன்.

"அப்பச் சரி அண்ணாச்சி. அவரைக்கா வெலைக்கே போட்டுக் குடுங்க."

புஸ்வாணப் பெட்டி

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வீடுகளில் அட்டைப்பெட்டி என்றால் பட்டாசு கிப்ட் பெட்டிதான். அரிசி, அப்பளம், பழைய துணி, கல்யாண ஆல்பம் எல்லாமே புஸ்வாணத்துக்கும் சங்குசக்கரத்துக்கும் உள்ளேதான் வாழ்கின்றன. எங்கள் கண்ணுக்குப் பெட்டி மேல் இருக்கிற பட்டாசுப் படம் தெரியவே தெரியாது. ஓசூருக்கு முதல் பார்சலை நான் அப்படி ஒரு பெட்டியில் கட்டி, தீபாவளி நெருங்குகிற நேரத்தில், கூரியர் ஆபீஸ் மேசையில் வைத்தேன்.

கவுண்டரில் இருந்த செல்வம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பட்டாசு கூரியரில் போகக் கூடாது என்பது சட்டம். உள்ளே பாதாம் என்றேன். "நான் நம்புதேன் அண்ணாச்சி. மேல புஸ்வாணம் படம், கீழ சிவகாசி அட்ரஸ். மதுரையில ஏத்துறவன் நம்புவானா?" என்றார். பிரித்துக் காட்டினேன். ஒன்றை எடுத்து நானே தின்று காட்டினேன். அவரும் ஒன்று தின்றார். பிறகு பெட்டியைப் பிரவுன் தாளில் படம் தெரியாமல் சுற்றித் தந்தார். அந்தப் பெட்டி அன்று சாயங்காலம் வண்டி ஏறி, மறுநாள் தனத்தின் கைக்குப் போய்விடும். அதைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி இருந்தால் நானும் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாமே என்று ஒரு யோசனை ஓடியது. செல்வம் என் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

"வெடிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு, கவலப்படாதீக. ருசி சரியா இருக்கான்னு பாக்கத்தான் இன்னொண்ணு வேணும்."

தீர்ப்பு நேரம்

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று தனம் போன் செய்வாள். அதுதான் என் வாரத்தில் நல்ல பொழுது. சுக்கு தூக்கல் என்பாள். எள் கசக்குது என்பாள். ஒரு துண்டு தேர் மாதிரி இருக்கிறது, ஒரு துண்டு வடம் மாதிரி இருக்கிறது, வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டீர்களா என்பாள். நான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்வேன். அவள் மறுப்பாள். பேச்சு அப்படியே கருப்பட்டியிலிருந்து பேரனுக்கும், பேரனிலிருந்து ஓசூர்க் குளிருக்கும், குளிரிலிருந்து என் மேல்துண்டைத் துவைத்தேனா என்பதற்கும் போகும்.

ஆனால் நான் கற்றுக்கொண்டு வந்தேன். அதுதான் வினை. கை பழகப் பழகக் குறை சுருங்கியது. குறை சுருங்கச் சுருங்கப் பேச்சும் சுருங்கியது. அச்சகத்திலும் அப்படித்தான். பிழை மலிந்த பக்கத்துக்காக ஆசிரியர் நேரில் ஓடி வருவார். சுத்தமான பக்கத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் அடுப்படியிலேயே நின்று, போன் அடித்ததும் எடுத்து, சுக்கைப் பற்றிச் சொல்ல ஒரு முழு வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். தனம் சொன்னது இதுதான்:

"பரவால்ல, நல்லாத்தான் இருக்கு. வைக்கட்டா?"

கல்

அன்று ஒரு திட்டம் உதித்தது. அடுத்த பார்சலைப் படுமோசமாகச் செய்து அனுப்புவது. இந்த மனுஷன் கெட்டுப்போனான், நேரில் போனால்தான் திருந்துவான் என்று அவள் கிளம்பி வர வேண்டும். கருப்பட்டிப் பாகைக் கையால் உருட்டினால் கோலிக்குண்டு ஆகிற வரைக்கும் காய்ச்சினேன். ஆறியபின் கத்தி இறங்கவில்லை, சுத்தியல் இறங்கியது. திருப்தியாக இருந்தது.

அதே நாளில் சண்முகத்தாயின் ஆர்டரும் இருந்தது. தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சத்தாக இருக்கட்டும், வருகிறவர்களுக்கும் லட்டுக்குப் பதிலாக இதையே கொடுக்கலாம் என்று கேட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் கட்ட ரோஸ் கலர் ரிப்பன் சுருளையும் தந்திருந்தார். அதை என் வாழ்நாளின் உச்சமாகச் செய்தேன். பழைய அச்சக ஸ்கேலை வைத்து ஓரம் வெட்டினேன். ரிப்பனில் பூ முடிச்சுப் போட்டேன். கல்லைச் சங்குசக்கரப் பெட்டியிலும், வளைகாப்பைப் புஸ்வாணப் பெட்டியிலும் அடைத்து, ஒட்டி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்: ஒன்று கூரியருக்கு, மற்றது அங்கிருந்து புதுப்பட்டிக்கு.

கூரியர் ஆபீஸில் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் பேனா தேடினேன். அன்றைக்குப் பார்த்து மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல். பட்டாசுப் படம் போட்ட பெட்டி இரண்டைப் பார்த்த செல்வம், நான் திரும்புவதற்குள் இரண்டையும் பிரவுன் தாளில் சுற்றிவிட்டார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. கனமும் ஏறக்குறைய ஒன்று. வலது கைப்பக்கம் இருந்ததுதான் சங்குசக்கரம் என்று எனக்கு நல்ல நினைவு. அதில் ஓசூர் முகவரி எழுதினேன். நான் எழுதியது புஸ்வாணத்தின் மேல்.

வளைகாப்பு முடிந்து சண்முகத்தாய் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் ரிப்பனில்லாத ஒரு துண்டைக் கண்டதும் பெட்டி மாறியது புரிந்து, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். தடுமாற்றத்தில் அந்தக் கல் யாருக்காகச் செய்தது, எதற்காகச் செய்தது என்பதையும் உளறிவிட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"பணமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. சம்பந்தி வீட்டுப் பொம்பளைக ஆளுக்கொண்ண வாயில போட்டுக்கிட்டு, ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. இம்புட்டு நிம்மதியா எங்க வீட்டுல ஒரு விசேசம் நடந்ததே இல்ல."

ரிப்பன்

ஓசூரிலிருந்து போன் வந்தது. எடுத்ததுமே தனம், "யாரு செஞ்சா?" என்றாள். நான்தான் என்றேன்.

"பொய் சொல்லாதீக. ஓரம் நூல் பிடிச்சாப்புல இருக்கு. எள்ளு கருகல. ரோஸ் ரிப்பன்ல பூ முடிச்சு. ஒங்களுக்குச் செருப்புக்கு வாரு மாட்டவே ரெண்டு ஆளு வேணும்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ரிப்பன் சண்முகத்தாய் கொடுத்தது, பெட்டி மாறிவிட்டது என்று இரண்டே வாக்கியம். இரண்டும் பிழையில்லாமல் நாக்கு நுனியில் நின்றன. அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மௌனம் நீண்டது. ஓசூரில் அது வேறு மாதிரி கேட்டிருக்கும்.

"வெள்ளிக்கெழம ரயிலுக்கு வாரேன். என் அடுப்படியில எவ நிக்கான்னு நேர்ல பாத்துக்கிடுதேன்."

சோதனை

வந்தாள். பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்குள் போனாள். சட்டியைத் திருப்பிப் பார்த்தாள், கரண்டியை முகர்ந்தாள், டப்பாக்களின் வரிசை மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். மீதி ரிப்பன் சுருள் கிடைத்தது. அதை மேசையில் வைத்தாள். "செஞ்சு காட்டுங்க" என்றாள்.

செய்து காட்டினேன். இடுப்பில் கைவைத்து நின்றவள், எள் வறுக்கும்போது ஓர் அடி முன்னால் வந்தாள். பாகு காயும்போது கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் நான் தட்டுக்கு நெய் தடவ, அவள் கொட்டினாள். நான் அழுத்த, அவள் ஓரத்தைத் தள்ளிக் கொடுத்தாள். லிஃப்டில் முடியாமல் நின்ற பேச்செல்லாம் அந்தத் தட்டுக்கு மேலே நடந்தது. இடையில் சண்முகத்தாய் அடுத்த ஆர்டருக்கு வந்தார். அடுப்படியில் தனத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏகக் குஷி. என்னைக் கடைக்கு நெய் வாங்க அனுப்பிவிட்டு இருவரும் பேசினார்கள். நான் திரும்பி வந்தபோது இருவருமே சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பேரனை மகள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு தீர்ந்தது. விருதுநகர் ஸ்டேஷனில் தனத்தின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே நாங்கள் சேர்ந்து செய்த பார்கள், சங்குசக்கரப் பெட்டியில். ரயில் வருகிற அறிவிப்பு வந்தது. பேச வேண்டிய நேரம்; நான் கருப்பட்டி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தனம் பையை வாங்கிக்கொண்டாள்.

"என்னய வர வைக்கக் கல்லு கிண்டுனீகளாமே, சண்முகத்தாய் சொன்னா. ஏங்க, இத்தன நாளு போன்ல எள்ளு, சுக்கு, கருப்பட்டின்னு அம்புட்டையும் பேசுனீக. 'வா தனம்'னு ஒரு தடவயாவது கூப்புட்டுப் பாத்தீகளா?"

ஆக, ஒரு வார்த்தையை நேரத்தோடு சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடியவை: கொஞ்சம் கருப்பட்டி, ஒரு சுருள் ரிப்பன், புதுப்பட்டிக்கு வந்த சம்பந்திமார்களின் பற்கள், அப்புறம் இத்தனை நாள் தனியாக நின்ற நானும்.