எங்கள் புஞ்சையில் எடுத்த படம்

ராமநாதபுரத்தில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் நான் செய்தியாளராகச் சேர்ந்து நான்காவது வருடம், குழந்தைத் தொழிலாளர் முறை பற்றிய விழிப்புணர்வுக்காக ஊடகக்காரர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் செய்தி ஆசிரியர் அந்த அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நம் சேனலிலிருந்து ஒருத்தராவது கலந்துகொள்ள வேண்டும் என்றார். அலுவலகத்தில் நால்வர் இருந்தோம். பரிசென்று எதையும் வாங்கியிராதவள் நான் ஒருத்திதான். நானே செய்கிறேன் என்றேன்.

முதலில் தொண்டிப் பக்கம் போனேன். கடற்கரையை ஒட்டிய ஒரு கொட்டகையில் சின்னப் பிள்ளைகளை இறால் உரிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் நாள் கேட்டையே திறக்கவில்லை. மறுநாள் திறந்துவிட்டார்கள். ஐஸ் கரைந்து ஓடிய தரையில் பெரிய பொம்பளைகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்காரர் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, மரியாதையாகப் பஸ் நிறுத்தம் வரை ஆளனுப்பி ஏற்றிவிட்டார். படம் அனுப்ப ஒரு வாரம்கூட மிச்சமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமுதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். மாசி மாதம், மிளகாய்ப் பழம் எடுக்கிற சமயம். அப்பாவுக்கு, நாங்கள் அய்யா என்று கூப்பிடுகிறவருக்கு, மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனபோது, செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த வரிசையில் ஒரு முதுகு மட்டும் சின்னதாக இருந்தது.

அப்படிப்பட்ட முதுகுகளைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அம்மாக்காரி வேலைக்கு வந்தால் பிள்ளையும் கூட வரும், கூட நாலு பழம் பறிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அய்யா யாரையும் கைநீட்டி அடித்தவரில்லை, ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியவரில்லை. குழந்தைத் தொழிலாளர் என்ற சொல்லைச் சேனலில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அது செங்கல் சூளைக்காரர்களையும் பட்டாசுக்காரர்களையும் பற்றிய சொல். எங்கள் வரப்புக்குள் அது வரும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

போனை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதின்மூன்று வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்திருந்தாள். ஒன்பதாவதுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும். பஸ் பிடிக்கக் கருவேலங்காட்டு வழியாகத் தனியாக நடக்க வேண்டும், அம்மா பயப்படுகிறாள், அதனால் நின்றுவிட்டேன் என்றாள். முதலாளியின் மகள் கேட்கிறாளே என்ற கூச்சம் முதலில் இருந்தது. பிறகு பறித்துக்கொண்டே சாதாரணமாகப் பேசினாள். கை எரியாதா என்று கேட்டேன்.

"மொத நாலு நாளு காந்தும்க்கா. கைய ஈரச்சாக்குல வச்சுக்கிட்டுப் படுப்பேன். பெறகு மரத்துப்போயிரும்" என்றாள்.

அவள் அதைச் சொன்ன கணத்தில் எனக்கு வந்தது வருத்தமில்லை, சந்தோஷம். படம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

விவசாயத்தைப் பற்றி எடுக்கிறேன் என்று அய்யாவிடம் சொன்னேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டு, கிணற்றையும் எடு என்றார். அவர் வந்த காட்சிகளையும் கிணற்றையும் மோட்டார் அறையையும் நான் வெட்டி எறிந்தேன். சிறுமியின் முகத்தை மங்கலாக்கினேன். "மாவட்டத்தின் ஒரு கிராமத்தில்" என்று பின்னணியில் என் குரலில் பேசிச் சேர்த்தேன்.

முதல் பரிசு எனக்குத்தான் கிடைத்தது.

விழாவுக்கு அய்யா ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி ராமநாதபுரம் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைத்து என் படத்தைத் திரையில் போட்டார்கள். எவ்வளவு வெட்டினால் என்ன, உழுதவருக்குத் தன் வரப்பு தெரியாதா. படம் ஓடி முடியும் வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கேடயத்தைக் கொடுத்துவிட்டு, தொகுத்து வழங்கிய பெண், இது எந்த ஊரில் எடுத்தது என்று மைக்கை நீட்டினாள்.

"அந்தக் குழந்தையோட பாதுகாப்புக்காக அதைச் சொல்ல விரும்பல" என்றேன்.

அரங்கம் கைதட்டியது. அய்யாவும் தட்டினார். மெதுவாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஓரிரு முறை தட்டினார்.

விழா முடிந்து இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். கமுதி பஸ் கிளம்ப நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"அது நம்ம காடுதானத்தா?"

"ஆமாங்கய்யா."

"சொல்லியிருக்கலாமே."

மேடையில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"பிள்ளை மூஞ்சிய மறைச்சது பிள்ளைக்காக. சரிதான். என்னைய மறைச்சது யாருக்காகத்தா?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பேசியது தன்னைப் பற்றித்தான். அந்தப் பிள்ளையின் வயதில் என்னை மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்ததையும், அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பியதையும் சொன்னார். இந்தப் பிள்ளை தினமும் கண்ணெதிரே பழம் எடுத்ததே, ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லையே என்றார்.

மறுநாளே அவளுடைய அம்மாவிடம், பிள்ளையை இனிமேல் புஞ்சைக்குக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனி மாதம் அவரே போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். காலையில் ரோடு வரை தன் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு ஆறியது. போட்டியால் ஒரு பிள்ளை படிக்கப் போயிருக்கிறது என்று அலுவலகத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் அவள் நின்றுவிட்டாள். அய்யா போனில் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றால், வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறாளாம். அடுத்த ஞாயிறு நான் போனேன். அவள் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே கேளுங்க தாயி, எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கா" என்றாள்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். போட்டி நடத்தியவர்கள் படத்தை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அது போன் போனாகப் பரவி அவள் வகுப்புக்கும் வந்துவிட்டது. அவள் பெஞ்சில் உட்காரப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, அவள் குரலிலேயே இழுத்து, கைய ஈரச்சாக்குல வச்சுக்கிட்டுப் படுப்பேன் என்பாளாம். வகுப்பே சிரிக்குமாம். ஒரு டீச்சர், உன் படம் வந்திருக்கிறதே என்று எல்லோர் முன்னும் பாராட்டினாராம். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்றாள்.

பிறகு எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"மூஞ்சிய மறைச்சீக. கொரல மறைக்கலையேக்கா."

குரலை மாற்றுவது எங்கள் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை. நான் யோசிக்காமல் விட்டதல்ல அது. மாற்றிப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். உருக்கமாக இல்லை. திரும்பவும் பழையபடி ஆக்கிவிட்டேன். இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

ராமநாதபுரம் திரும்பியதும் போட்டி நடத்தியவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். படத்தை நீக்கச் சொன்னேன். கேடயத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். படத்தை அன்றே நீக்கினார்கள். விதி எதுவும் மீறப்படவில்லை, பரிசு உங்களுடையதுதான் என்று அன்பாகப் பதில் வந்தது. இதைச் சேனலில் சொல்லட்டுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அய்யாவும், என் பேரையும் சேர்த்தே சொல்லு என்றிருந்தார். ஆசிரியர், உன் குடும்பத்தை நீயே சந்திக்கு இழுப்பாயா, வேலையைப் பார் என்று பேச்சை முடித்துவிட்டார். ஏற்கெனவே கைமாறிய படத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. யாராவது எனக்கே அனுப்புகிறார்கள், எல்லோருக்கும் பகிருங்கள் என்ற வேண்டுகோளோடு.

அடுத்த மாசியில் அய்யாவுக்கு ஆள் போதவில்லை. சின்னப் பிள்ளைகளோடு வருகிற பொம்பளைகளுக்கு அவர் வேலை தர மறுத்துவிட, அவர்கள் பக்கத்துப் புஞ்சைகளுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளும் அங்கே பழம் எடுத்தார்கள். கொஞ்சம் பழம் செடியிலேயே சுருங்கி உதிர்ந்தது. நான் இரண்டு நாள் லீவு போட்டுப் போய்ப் பறித்தேன். முதல் நாள் சாயங்காலமே விரல்கள் நெருப்பாகக் காந்தின. சோற்றைப் பிசைய முடியவில்லை. அய்யா கவனித்தார்.

அதற்குள் அந்தப் பெண்ணை விடுதியோடு கூடிய ஒரு பெண்கள் பள்ளியில், அவளைத் தெரியாத ஊரில், சேர்க்க முடிந்தது. அலைந்தது நான். ஆனால் போக வேண்டும் என்று முடிவெடுத்தது அவள்தான். பெட்டியோடு பஸ் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், வாரேன்க்கா என்றாள்.

பெற்றோர் பார்க்கிற நாளில் ஒரே ஒரு முறை அவள் அம்மாவோடு போனேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண் என்றாள். அம்மா தண்ணீர் குடிக்கப் போனபோது, அடுத்த முறை நீங்கள் வர வேண்டாம் அக்கா, யார் இவர் என்று பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வது என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் பதில் தெரியவில்லை.

நான் பிறகு போகவில்லை. இப்போது பத்தாவது படிக்கிறாள் என்று அவள் அம்மா போனில் சொல்கிறாள். அந்த அம்மா இன்னமும் எங்கள் புஞ்சைக்குத்தான் பழம் எடுக்க வருகிறாள்.