மாதா சப்பரமும் நசுங்கிய இட்லியும்

மாவுக்கட்டுப் போடுகிறவனுக்கு மரியாதையெல்லாம் மாவு ஈரமாக இருக்கும் வரைக்கும்தான். காய்ந்துவிட்டால் நோயாளி நமக்கே வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். முதுகு பிடித்து ஒரு நாளாவது பாயில் கிடந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டோரம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எழுபதுகளில் எனக்கு இந்த வேலை. சண்முகம் என்ற பெயர் சம்பளக் கையெழுத்துக்கு மட்டும்; மற்றபடி எல்லோருக்கும் ‘மாவு சார்’. எத்தனையோ முதுகுகளைப் பார்த்தேன். என்னைப் படாதபாடு படுத்தியது சவரிமுத்துவின் முதுகு.

இட்லிப் பாடம்

சவரிமுத்துவுக்கு ஒரகடத்தை ஒட்டிய கிராமம். புளி உலுக்க மரமேறியவர், கிளையோடு வந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். கொஞ்ச நாள் எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தார். முதுகெலும்பு நசுங்கி உடைந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. உடைந்திருந்தால் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பேனா என்று கேட்டார்.

எக்ஸ்ரே படத்தைக் காட்டி நான் விளக்கினேன். முதுகெலும்பு என்பது அடுக்கி வைத்த இட்லி மாதிரி. அதில் ஒரு இட்லி முன்பக்கம் நசுங்கிவிட்டது. நசுங்கினது மறுபடி உப்பாது. ஆனால் மூன்று மாதம் குனியாமல், பாரம் தூக்காமல் இருந்தால் அப்படியே கெட்டிப்பட்டு உழைக்கும். ஆட்டம் போட்டால் இன்னும் நசுங்கி, நரம்பை அழுத்தி, கால் விளங்காமல் போகலாம். சவரிமுத்து படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கெட்டுப்போன இட்லிய எடுத்துட்டு வேற ஒண்ணு வெக்கிறதுக்கு இன்னா சார் இவ்ளோ யோசிக்கிற?”

வயிற்றில் ஜன்னல்

அந்தக் காலத்தில் இதற்கு மாவுச் சட்டைதான். கையும் நெஞ்சும் ஒரு உயர மேஜையில், தொடை ஒரு தணிந்த மேஜையில், நடுவில் வயிறு அந்தரத்தில். அப்படிக் குப்புறப் போட்டு முதுகைப் பின்னால் வளைத்து, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நனைத்த கட்டுத்துணியைச் சுற்றுவேன். சவரிமுத்து தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். காய்ந்த பிறகு, மூச்சு விடவும் சோறு இறங்கவும் வயிற்றுப் பக்கம் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டேன். அது நான் செய்த பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பீடிக்கட்டு, தீப்பெட்டி, முதுகு சொறிய ஒரு துடைப்பக்குச்சி, பாதி முறுக்கு எல்லாம் வெளியே வந்தன. டாக்டரம்மா என்னை முறைத்தார். சவரிமுத்துவின் மனைவி செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டார்.

“வூட்ல ஒரு மாடம் கட்டிக் குடுன்னு பத்து வருசமா கேட்டுகினு கீறேன். இந்தாளு வயித்துல கட்டிக் குடுத்துட்டியே சார்.”

பங்காளியின் பாசம்

பங்காளி இஞ்ஞாசி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அண்ணனைவிட என்னிடம்தான் அதிகம் பேசினார். முதுகு எப்போது சரியாகும், மே மாதத்துக்குள் ஆகிவிடாதே என்று அக்கறையாக விசாரித்தார். எனக்கு மனசே இளகிவிட்டது.

அவர் போனதும் செல்வமேரிதான் விஷயத்தை உடைத்தார். மே மாதம் அவர்கள் ஊர்த் திருவிழாவில் மாதா சிலையைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கி வருவார்கள். முன் தண்டில் முதல் தோள் சவரிமுத்துவின் அப்பா காலத்திலிருந்து அவர்களுடையது. ஒரு வருஷம் தோள் கொடுக்காவிட்டால் அடுத்த பங்காளிக்குப் போய்விடும், போனால் வராது. நான் வாசலுக்கு ஓடி இஞ்ஞாசியை நிறுத்தி, இது நியாயமா என்று கேட்டேன்.

“அண்ணன் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ வோணும்னா இன்னும் ரெண்டு சுத்து சேத்து கட்டு.”

துண்டு கைமாறியது

மாவுச் சட்டையோடு நடக்கலாம், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பயிற்சி செய்யலாம், முட்டை சாப்பிடலாம். பாரம் மட்டும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். திருவிழா நெருங்கியதும் செல்வமேரி அழுதுகொண்டே வந்தார். புருஷன் அரிவாளால் மாவுக்கட்டை அறுக்கப் பார்க்கிறாராம். நான் அடித்துப்பிடித்து ஓடினேன். கால் போய்விடும் என்றேன். கால் போனால் போகட்டும், தோள் போகக்கூடாது என்றார். எனக்கு வந்த கோபத்தில், துண்டைக் கட்டி வேறு யாரையாவது அனுப்ப முடியாதா என்று கத்திவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உரிமைக்காரர் தன் துண்டைக் கட்டி ஆள் அனுப்புகிற வழக்கம் நிஜமாகவே இருந்தது. அவர் தோள் துண்டை எடுத்து என் தலையில் கட்டினார்.

“ஊர்க்காரன் கைல குடுத்தா திரும்பி வராது. நீ அன்னியன் சார், அதான் நம்பறேன்.”

சப்பரம்

நெற்றியில் விபூதியோடு மாதாவைத் தூக்கிய முதல் ஆள் அந்த ஊரில் நான்தான். சப்பரத்தின் கனம் இருக்கிறதே, அது தெரிந்திருந்தால் பேசாமல் அரிவாளை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். பாதித் தெருவிலேயே இடுப்பில் சுரீர் என்றது. வழியில் தோளை எடுத்தால் தீர்ந்தது கதை. பின்னாலேயே இஞ்ஞாசி புதுத் துண்டோடு, தண்ணீர் வேண்டுமா, மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டபடி வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, வளைந்து, நெளிந்து, கோயில் வாசலில் இறக்கிவிட்டுத்தான் தோளை எடுத்தேன். அப்புறம் நிமிர முடியவில்லை.

சட்டைக்குள் மாவோடு சவரிமுத்து தேக்குக்கட்டை மாதிரி நிமிர்ந்து நின்று, கண்கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பூ விற்ற அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல முதுகு ஒடஞ்சவர் யாருப்பா?”

பலகை

எலும்பில் பழுதில்லை, தசைப்பிடிப்பு என்றார் டாக்டரம்மா. மெத்தைக்கு அடியில் பலகை போட்டு, சவரிமுத்து படுத்திருந்த பழைய கட்டிலிலேயே என்னைக் கிடத்தினார்கள். கட்டுப் பிரித்த கையோடு சவரிமுத்து முட்டையும் பாலும் கொண்டுவந்தார். குனியாதே, தூக்காதே, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கு என்று என் பாடத்தை எனக்கே ஒப்பித்தார். இட்லி கெட்டிப்பட்டுவிட்டதாம், வலியே இல்லையாம். எனக்குச் சந்தோஷம்தான். அப்படியானால் துண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை மடித்து என் தலைமாட்டில் வைத்தார்.

“அடுத்த வருசமும் வெய்ட்டு வேணாம்னுட்டாங்க டாக்டரம்மா. நீ நல்லா முட்டை சாப்புடு சார்.”

அன்றிலிருந்து முதுகு வலி என்று யார் வந்தாலும், எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் திருவிழா எப்போது என்றுதான் கேட்கிறேன்.